தீவிர ரத்தப் புற்றுநோய்: முதல் நாள் எண்ணும் இருபத்தொன்பதாம் நாள் எண்ணும்

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையின் முடிவு வந்ததும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள். ஒன்று, "எந்த ஸ்டேஜ்?" மற்றொன்று, "பிழைக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?" முதல் கேள்விக்கு விடை எளிது. மார்பிலோ குடலிலோ கட்டியாகத் தொடங்கிப் பிற உறுப்புகளுக்குப் பரவும் புற்றுநோய்களைப் போல தீவிர ரத்தப் புற்றுநோய்க்கு முதல் கட்டம், நான்காம் கட்டம் என்ற பிரிவு கிடையாது. கண்டுபிடிக்கும் நாளிலேயே அது ரத்தம் ஓடும் இடமெங்கும் இருக்கிறது. 'தீவிர' என்ற அடைமொழியும் முற்றிய நிலையைக் குறிப்பதல்ல, வேகத்தைக் குறிப்பது. முதிர்ச்சியடையாத வெள்ளையணுக்கள் மஜ்ஜையை நிரப்பிக்கொண்டு, சிவப்பணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் இடமில்லாமல் செய்துவிடுவதால், சிகிச்சை இல்லாவிட்டால் வாரங்களிலோ சில மாதங்களிலோ உயிர் போகும் என்பதே அச்சொல்லின் பொருள்.

இரண்டாவது கேள்விக்கு விடை எளிதல்ல. மருத்துவர் சொல்லும் எண் அன்று முதல் வீட்டில் எல்லோர் மனத்திலும் தங்கிவிடுகிறது. அவர் சொல்லத் தயங்கினால், வேறு நாட்டில், வேறு வயதினருக்கு, பத்தாண்டுகளுக்கு முன் கணக்கிடப்பட்ட ஏதோ ஓர் எண்ணைக் கைப்பேசி கொடுத்துவிடுகிறது. நோயின் வகை, நோயாளியின் உடல், கொடுக்கப்படும் மருந்து, மருந்து கொடுக்கப்படும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கும் எண் அது என்பதையும், சிகிச்சை நடக்க நடக்க அது மாறிக்கொண்டே போகும் என்பதையும், முதல் நாளில் சொல்லப்படும் எண்தான் இருப்பவற்றுள் மிகக் குறைவாகத் தெரிந்துகொண்டு சொல்லப்படுவது என்பதையும் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல, நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் பெரும்பாலும் நேரம் வாய்ப்பதில்லை.

எண்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி பார்பர், அமினோப்டெரின் என்ற மருந்து கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக அறிவித்தார். உயிரணுக்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அதன் வேலையை நடக்கவிடாமல் தடுக்கும் பொருள் அது. அதைத் தயாரித்தளித்தது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா சென்றவர் அவர். பார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டு மாதங்களில் நியூயார்க்கில் காலமானார். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றைத் தமிழில் எழுதும்போது அவர் பெயரைத் தவிர்ப்பது நியாயமாகாது.

பார்பர் கண்ட தணிவுகள் தற்காலிகமானவை. சில மாதங்களில் நோய் திரும்பியது, குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன: ஸ்டீராய்டு, 1953இல் அனுமதி பெற்ற மெர்காப்டோபியூரின், நம் வீட்டு வாசலில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1963இல் அனுமதி பெற்ற வின்கிறிஸ்டின். ஆயினும் மெம்பிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை 1962இல் திறக்கப்பட்டபோது, லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், வந்த நூறு குழந்தைகளில் நான்கைந்து பேரே பிழைத்தார்கள். ரத்தத்திலும் மஜ்ஜையிலும் நோய் மறைந்த பிறகும் அது எங்கிருந்து திரும்புகிறது என்ற கேள்வியை அங்கிருந்த டொனால்ட் பிங்கல் பின்தொடர்ந்தார். மருந்துகள் எளிதில் எட்டாத மூளை, தண்டுவட நீரில் சில செல்கள் ஒளிந்திருந்து மீண்டும் கிளம்பின. தலைக்குக் கதிர்வீச்சும் தண்டுவட நீருக்குள் நேரடியாக மருந்தும் கொடுக்கும் முறை 1967-68இல் சேர்க்கப்பட்டபோது, பிழைப்பவர்களின் அளவு ஏறத்தாழப் பாதியாக உயர்ந்தது. நான்கைந்து சதவீதம் ஐம்பதானதற்குப் புதிய மருந்து முதன்மைக் காரணமல்ல. கையில் இருந்த மருந்துகளை எந்த வரிசையில், எத்தனை காலம், உடலின் எந்த இடத்துக்குக் கொடுப்பது என்ற அறிவுதான் வளர்ந்தது. இன்று வசதி மிக்க நாடுகளில் குழந்தைகளின் நிணச்செல் லுகேமியாவில், அதாவது ஏ.எல்.எல். வகையில், ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

இந்தச் சதவீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரே வகைச் சிகிச்சை பெற்றவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1958இல் கப்லான், மெய்யர் ஆகிய இருவர் வகுத்த முறையில் வரைகோடு வரைகிறார்கள். ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்ல ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்று படிக்கக் கிடைக்கும் எந்த எண்ணும் சில ஆண்டுகளுக்கு முந்தைய சிகிச்சையின் விளைவு. மேலும், 'உயிரோடு இருத்தல்' வேறு, 'நோய் திரும்பாமல் இருத்தல்' வேறு. நோய் திரும்பிய பிறகும் மறுசிகிச்சையால் பிழைப்பவர்கள் இருப்பதால் முதல் எண் எப்போதும் இரண்டாவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதை அடிக்கடி காண்கிறோம்.

இனி முதல் நாளில் மருத்துவருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். வயது தெரியும்; ரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை தெரியும். ஏ.எல்.எல். வந்த குழந்தைக்கு வயது ஒன்றுக்கு மேல் பத்துக்குள் இருந்து, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 50,000க்குக் குறைவாகவும் இருந்தால் அது வழக்கமான அபாயம் என்றும், மற்றவை உயர் அபாயம் என்றும் 1990களில் வகுத்த எளிய கோடு இன்றும் பயன்படுகிறது. சில நாட்கள் கழித்து மரபணுப் பரிசோதனை முடிவு வருகிறது. புற்றுச் செல்லில் குரோமோசோம்கள் 46க்குப் பதிலாக 50க்கும் மேற்பட்டு இருந்தால் நல்லது. 44க்கும் குறைந்தால் கெட்டது. ஒரு வயது நிரம்பாத சிசுக்களில் அடிக்கடி காணப்படும் கே.எம்.டி.2ஏ மரபணு மாற்றம் மிகக் கடினமானது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய இன்டர்ஃபான்ட்-06 ஆய்வில் அந்த மாற்றம் கொண்ட சிசுக்களில் ஆறாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியவர்களே. அதே சிகிச்சையோடு பிளினடுமொமாப் என்ற நோயெதிர்ப்புப் புரத மருந்தின் ஒரு சுற்றை 30 சிசுக்களுக்குச் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டாண்டு நோயற்ற விகிதம் முந்தைய 49 சதவீதத்திலிருந்து 82 சதவீதத்தை எட்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது.

பிலடெல்பியா குரோமோசோமின் கதை இதைவிடத் தெளிவானது. ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உண்டாகும் இந்தப் பிழை, ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடமும், பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடமும் காணப்படும். கீமோதெரபி மட்டும் கொடுத்த காலத்தில் இந்தக் குழந்தைகளில் மூன்றாண்டு நோயற்றிருந்தவர்கள் 35 சதவீதம். இமாட்டினிப் மாத்திரையைத் தொடர்ந்து சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வில் அது 80 சதவீதமானது. மரபணு மாறவில்லை, குழந்தைகள் மாறவில்லை. ஒரு மாத்திரை வந்தது. 2001க்கு முன் அச்சிட்ட பாடநூலைத் திறந்து 'மிக மோசமான முன்கணிப்பு' என்ற வரியைப் படிக்கும் ஒருவருக்கு, அந்த வரி எழுதப்பட்ட நாளில் உண்மையாக இருந்தது என்பதும் இன்று உண்மையல்ல என்பதும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

பெரியவர்களின் நிலை குழந்தைகளைவிடப் பின்தங்கியே இருக்கிறது. கெட்ட மரபணு மாற்றங்கள் வயதோடு கூடுகின்றன. ஈரலும் கணையமும் மருந்தைத் தாங்கும் திறன் குறைகிறது. ஆனால் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை மருத்துவ உலகமே உண்டாக்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை குழந்தைகள் பிரிவுக்குப் போனால் ஒரு சிகிச்சையும் பெரியவர்கள் பிரிவுக்குப் போனால் வேறொரு சிகிச்சையும் பெற்ற காலம் நீண்டது. 16 முதல் 39 வயது வரையானவர்களுக்குக் குழந்தைகளுக்கான சிகிச்சை முறையையே கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில் மூன்றாண்டுகளுக்குப் பிறகு 73 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதே வயதினருக்கு அதற்கு முன் கிடைத்த பலனைவிட இது வெகுவாக மேம்பட்டது. இளைஞர் ஒருவருக்கு ஏ.எல்.எல். என்று தெரிந்தால், குழந்தைகளுக்கான சிகிச்சை முறை தரப்படுமா என்பது குடும்பத்தார் கேட்கத் தகுந்த கேள்வி.

இப்போது இருபத்தொன்பதாம் நாளுக்கு வருவோம். நோய் கண்டறியப்படும்போது உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். முதல் மாதச் சிகிச்சைக்குப் பின் மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து, முதிராச் செல்கள் ஐந்து சதவீதத்துக்குக் கீழ் வந்துவிட்டால் 'ரெமிஷன்', அதாவது தணிவு என்கிறார்கள். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு எழும் நாள் அது. பிள்ளை சோறு கேட்கத் தொடங்கியிருக்கும், முகம் ஸ்டீராய்டால் உப்பியிருந்தாலும் விளையாட்டு திரும்பியிருக்கும். ஆனால் நுண்ணோக்கிக்குத் தெரியாமல் ஆயிரம் கோடி செல்கள் வரை இன்னும் உள்ளே இருக்கலாம். அவற்றைத் தேடிப் பார்ப்பதுதான் எம்.ஆர்.டி. எனப்படும் எஞ்சிய நோய்ப் பரிசோதனை. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியோ மரபணுப் பெருக்க முறையோ பத்தாயிரம் செல்களுக்கு நடுவே ஒரு புற்றுச் செல் இருந்தாலும் அடையாளம் காட்டும். முதல் மாத இறுதியில், சில முறைகளில் இருபத்தொன்பதாம் நாளிலும் வேறு சிலவற்றில் முப்பத்து மூன்றாம் நாளிலும், இது செய்யப்படுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்றில், அந்த நாளில் எதுவும் தென்படாதவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தார்கள். பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை எஞ்சியிருந்தவர்களில் 59 சதவீதம் பேரே அப்படி இருந்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத இவ்வளவு சிறிய வேறுபாடு இத்தனை பெரிய பிரிவை உண்டாக்குகிறது.

முதல் நாள் கிடைக்கும் தகவல்கள் எல்லாம், இந்த நோய் மருந்துக்கு எப்படிப் பதில் சொல்லும் என்பதைப் பற்றிய ஊகங்கள். எம்.ஆர்.டி. அந்தப் பதிலையே அளக்கிறது. நோயின் குணம், குழந்தையின் உடல் மருந்தைக் கையாளும் விதம், மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா என்பது வரை அனைத்தும் அந்த ஒரே அளவில் அடங்கிவிடுகின்றன. வெள்ளையணு மூன்று லட்சம் என்று பயந்து வந்த பிள்ளையின் எம்.ஆர்.டி. சுத்தமாக இருக்கலாம், எல்லாம் நல்ல குறிகளாகத் தொடங்கிய பிள்ளைக்கு அது எஞ்சியிருந்து, சிகிச்சையைக் கடுமையாக்க வேண்டி வரலாம். எஞ்சிய நோய் இருப்பதாகத் தெரிவது கெட்ட செய்தி மட்டுமன்று, அதைக் கொண்டு சிகிச்சையை மாற்ற முடியும். ஆகவேதான் சதவீதத்தைக் கேட்க விரும்பும் குடும்பத்துக்கு, ஒரு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மைலாய்டு வகைத் தீவிர லுகேமியாவில், அதாவது ஏ.எம்.எல். வகையில், நிலைமை கடினம். சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்ற 1970களின் சிகிச்சையே இன்றும் பலருக்கு முதல் படி. இங்கே மரபணுக்களின் சொல் ஓங்கி ஒலிக்கிறது: எட்டு, இருபத்தொன்றாம் குரோமோசோம்களின் இடமாற்றமோ என்.பி.எம்.1 மாற்றமோ நம்பிக்கை தருபவை, டி.பி.53 மரபணு பழுதுபட்டிருந்தால் மருந்துகள் பெரும்பாலும் தோற்கின்றன. மூத்தவர்களுக்கும் கடும் கீமோதெரபியைத் தாங்க இயலாதவர்களுக்கும் அசாசிடிடினோடு வெனடோகிளாக்ஸ் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக நீண்டது. இது குணமாவது பற்றிய எண் அல்ல. நேரம் பற்றிய எண். எழுபத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு எதற்காகச் சிகிச்சை என்று வீட்டில் பேசி முடிவெடுக்கும்போது இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் அதே ஏ.எம்.எல். குடும்பத்துக்குள்தான், சரியாகக் கையாண்டால் பிற வகைகளைவிட நன்றாகக் குணமாகும் ஏ.பி.எல். என்ற வகையும் இருக்கிறது. 1957இல் நார்வேயில் இது முதலில் விவரிக்கப்பட்டபோது, ரத்தக்கசிவால் சில வாரங்களில் கொல்லும் மிகக் கொடிய லுகேமியா என்றே அறியப்பட்டது. 1980களில் ஷாங்காயில் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ஆட்ரா மருந்தைக் கொடுத்து, முதிராமல் நின்றுபோன செல்களை முதிரச் செய்தார். 1988இல் அவர் குழு அறிவித்த 24 நோயாளிகளும் தணிவடைந்திருந்தார்கள். ஹார்பின் நகரில் ஜாங் டிங்டோங் 1970களில் தொடங்கிய மற்றொரு தேடல் ஆர்செனிக் டிரையாக்சைடை முன்வைத்தது. சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று பேசும் அதே பொருள்தான் இது. ஆனால் தூய்மையாக்கப்பட்ட ஊசி மருந்தாக, அளவு கணக்கிட்டு, இதயத் துடிப்பின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து மருத்துவமனையில் கொடுக்கப்படுவது. வேறெந்த வகையிலும் உட்கொள்ளத் தக்கதல்ல.

இந்த இடத்தில் வேலூருக்கு உண்மையான பங்கு உண்டு. ஆட்ராவும் கீமோதெரபியும் சேர்ந்த சிகிச்சையின் செலவைப் பல குடும்பங்கள் தாங்க முடியாத நிலையில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ரத்தவியல் துறை 1998 முதல் 2004 வரை 72 புதிய நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்துப் பார்த்தது. 86 சதவீதம் பேர் முழுத் தணிவடைந்தார்கள்; மூன்றாண்டு பிழைப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. 2006இல் வெளியான இந்த முடிவு, வசதிக்குறைவில் பிறந்த ஒரு வழி உலகத்துக்கே பாடமாகும் என்று காட்டியது. 2013இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள், அபாயம் குறைந்த ஏ.பி.எல். நோயாளிகளுக்குக் கீமோதெரபியே இல்லாமல் ஆட்ராவும் ஆர்செனிக்கும் கொடுத்தபோது, இரண்டாண்டுகளில் 99 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இந்த 99ஐப் பக்கத்தில் இன்னோர் எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் 1997 முதல் 2006 வரை ஏ.பி.எல். வந்த அனைவரையும் நாடு முழுவதற்குமாகக் கணக்கெடுத்தபோது, 105 பேரில் 29 சதவீதம் பேர் முப்பது நாட்களுக்குள் இறந்திருந்தார்கள். ஆய்வில் சேர்க்கப்படும் அளவுக்குத் தாக்குப்பிடித்தவர்கள் முதல் எண்ணில் இருக்கிறார்கள். மூளையில் ரத்தம் கசிந்து, நோயின் பெயர் தெரிவதற்குள் இறந்தவர்கள் இரண்டாவதில்தான் வருகிறார்கள். எனவேதான் ஏ.பி.எல். என்ற சந்தேகம் எழுந்தவுடனேயே, மரபணு முடிவுக்குக் காத்திராமல், ஆட்ராவைத் தொடங்கச் சொல்கிறார்கள். காரணமில்லாத ஈறு ரத்தக்கசிவும் தோலில் ஊதாப் புள்ளிகளும் உள்ளவருக்கு ஒரு நாள் தாமதம்கூடப் பெரிது.

இடம் என்ற நான்காவது கூறு இப்படித்தான் எண்ணுக்குள் நுழைகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தின் ஒத்துழைப்போடு, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய மூன்றும் 1980களின் நடுவிலிருந்து எம்.சி.பி.-841 என்ற ஒரே முறையில் ஏ.எல்.எல். நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தன. 2005இல் வெளியான கணக்கில், நான்காண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் மையத்துக்கு மையம் 41 முதல் 60 சதவீதமாக இருந்தார்கள். அதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது பெரும் முன்னேற்றம். ஆனாலும் பணக்கார நாடுகளோடு இருந்த இடைவெளிக்குக் காரணம் நோயின் கொடுமை மட்டுமன்று. தணிவடைந்த குழந்தைகள் கிருமித்தொற்றால் இறந்தார்கள். சத்துக்குறைவோடு வந்தவர்கள் மருந்தைத் தாங்கவில்லை. பலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

நான்கு வாரங்களுக்கு மேல் சிகிச்சைக்கு வராமல் போவதை 'கைவிடுதல்' என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. தினக்கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, மற்ற பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்து வரும் ஒரு தாய், பிள்ளை தேறிவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகு வராமல் போவதைக் கைவிடுதல் என்று சொல்வது பொருந்தவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் போன்றவை மருந்துச் செலவின் பெரும்பகுதியை ஏற்கின்றன. பயணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகியவை இன்னும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே இருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கும் மேல் நீளும் சிகிச்சையில் இவையும் பிழைப்பு விகிதத்தைத் தீர்மானிக்கின்றன.

நோய் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. எப்போது திரும்பியது என்பதே அங்கே முதன்மையான கேள்வி: நோய் கண்ட பதினெட்டு மாதங்களுக்குள் மஜ்ஜையில் திரும்பினால் மிகக் கடினம், சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்கும் மேல் கடந்து திரும்பினால் மறுபடியும் குணமாகும் வாய்ப்பு கணிசமாக உண்டு. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இப்போது பாதி பொருந்தும் பெற்றோரும் கொடையாளி ஆகலாம். நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களான டி-செல்களை மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றும் கார்-டி சிகிச்சை அமெரிக்காவில் 2017இல் 4,75,000 டாலர் விலையில் வந்தது, ஐ.ஐ.டி. மும்பையும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. இதன் விலை அந்த அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்குதான் என்றாலும், சாதாரணக் குடும்பத்துக்கு அது இன்னும் எட்டாத தொகை.

நோய் திரும்பாமல் காப்பதில் வீட்டின் பங்கு மிகுந்திருக்கும் காலம், பலரும் சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைக்கும் பராமரிப்புக் காலம். ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு அப்போது நாள்தோறும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். நூறு வேளையில் தொண்ணூற்றைந்துக்கும் குறைவாக மெர்காப்டோபியூரின் விழுங்கிய குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்ததாக அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. என்.யு.டி.டி.15 என்ற மரபணு வேறுபாடு கொண்ட சிலருக்கு வழக்கமான அளவே மிகையாகி ரத்த அணுக்கள் சரிந்துவிடும். ஆசியர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைப்பது சிகிச்சையைக் குறைப்பதாகாது, அவர்கள் உடலுக்கு அதுவே முழு அளவு. வாரம் ஒருமுறைக்கான மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும். இந்த மாதங்களில் உடல்சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், விடியட்டும் என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். மருத்துவமனையில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும்.